கண்ட்ரோல் பேனலை மேம்படுத்திய பின் டிஎன்எஸ் பழுதுபட்டால்: காரணத்தைக் கண்டறிந்து சரிசெய்யும் முறை

வெப் ஹோஸ்டிங் கண்ட்ரோல் பேனலை (சர்வரை நிர்வகிக்க உதவும் சீபேனல், பிளெஸ்க் போன்ற மென்பொருளை) புதிய பதிப்புக்கு மேம்படுத்திய சில மணி நேரத்தில் இணையதளங்கள் ஒவ்வொன்றாகத் திறக்காமல் போவதும், மின்னஞ்சல் வருவது நின்றுவிடுவதும் சர்வர் நிர்வாகிகளுக்குப் பழகிப்போன தொல்லை. அந்த நேரத்தில் எங்கே கேட்டாலும் கிடைக்கும் அறிவுரை, "டிஎன்எஸ் பரவ 48 மணி நேரம் ஆகும், பொறுத்திருங்கள்" என்பதுதான் (டிஎன்எஸ் என்பது தளத்தின் பெயரை சர்வரின் ஐபி முகவரியாக மாற்றித் தரும் அமைப்பு). இந்தச் சிக்கலுக்கு அது பொருந்தவே பொருந்தாது. டாட் காம் டொமைன்களின் நேம்சர்வர் (டொமைனுக்கான டிஎன்எஸ் கேள்விகளுக்குப் பதில் தரும் சர்வர்) விவரத்தை மேல்நிலை சர்வர்கள் 172800 விநாடி, அதாவது 2 நாள், ஆயுளுடன் தருவதால் உருவான கணக்கு அது. டொமைனின் நேம்சர்வரை மாற்றியவருக்கு மட்டுமே அது உதவும். பேனலை மேம்படுத்தும்போது டொமைன் பதிவாளரிடம் எதுவும் மாறுவதில்லை, சர்வரின் ஐபியும் பெரும்பாலும் மாறுவதில்லை. ஆகவே பரவ வேண்டியது என்று எதுவும் கிடையாது. சர்வருக்குள் ஏதோ ஒன்று உடைந்திருக்கிறது. காத்திருந்தால் நிலைமை மோசமாகும். ஏனெனில் உலகெங்கும் உள்ள ரிசால்வர்கள் (பயனர்களுக்காக டிஎன்எஸ் பதிலைத் தேடித் தரும் சர்வர்கள்) கேஷில் வைத்திருக்கும் பழைய, சரியான பதில்களின் ஆயுள் முடிய முடிய, தளத்தைப் பார்க்க முடியாதவர்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகும். பதிவுகளின் டிடிஎல் (கேஷில் இருக்கும் ஆயுள்) 14400 விநாடி என்றால், முழுப் பாதிப்பும் வெளியே தெரிய 4 மணி நேரம் ஆகலாம்.

எதையும் தொடுவதற்கு முன், இப்போதிருக்கும் நிலையை அப்படியே நகலெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். ஸோன் கோப்புகள் (ஒவ்வொரு டொமைனின் டிஎன்எஸ் பதிவுகளும் எழுதப்பட்ட கோப்புகள்) இருக்கும் அடைவு, பைண்ட் என்ற டிஎன்எஸ் மென்பொருளின் அமைப்புகள் உள்ள நேம்ட் கான்ஃப் கோப்பு, பேனலின் தரவுத்தளம், டிஎன்எஸ்செக் (டிஎன்எஸ் பதில்களுக்குக் கையொப்பமிடும் முறை) சாவிகள் ஆகியவை அந்த நகலில் அடங்க வேண்டும். பழுதான நிலையை எதற்குச் சேமிக்க வேண்டும் என்று தோன்றலாம். பழுதுபார்க்கும் கருவிகள் சில, இருக்கும் கோப்புகளை அழித்துவிட்டுப் புதிதாக எழுதுகின்றன. கைவசம் இருந்த ஒரே தடயமும் அத்துடன் போய்விடும். மேம்படுத்தலுக்கு முன் எடுத்த நகலும் இருந்தால், இரண்டையும் டிஃப் கட்டளையால் ஒப்பிடுவது பாதி வேலையை முடித்துவிடும்.

டொமைனுக்குப் பதில் சொல்வது யார்?

அடுத்ததாக, அந்த டொமைனுக்குப் பதில் சொல்லும் பொறுப்பு உண்மையில் இந்த சர்வரிடம்தான் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டொமைனின் நேம்சர்வர் கிளவுட்ஃப்ளேர் போன்ற வெளிச் சேவையைச் சுட்டியிருந்தால், பேனலில் உள்ள டிஎன்எஸ் பக்கத்தில் என்ன மாற்றினாலும் வெளியுலகுக்கு அது தெரியப்போவதில்லை. டிஎன்எஸ் கேள்விகளைக் கேட்டுப் பார்க்கும் டிக் கட்டளையை ட்ரேஸ் விருப்பத்துடன் இயக்கினால், வேர் சர்வரில் தொடங்கி, டாட் காம் சர்வர்கள் வழியாக, கடைசியாக எந்த நேம்சர்வரிடம் கேள்வி போய்ச் சேர்கிறது என்பதைப் படிப்படியாகக் காட்டும். கடைசிப் படியில் உங்கள் நேம்சர்வரின் பெயரும் ஐபியும் வர வேண்டும். பெயர் சரியாக இருந்து ஐபி பழையதாக இருந்தால், பதிவாளரிடம் உள்ள க்ளூ பதிவை (மேல்நிலையில் வைக்கப்படும் நேம்சர்வரின் ஐபி விவரத்தை) திருத்த வேண்டும். பேனலோடு இயங்குதளத்தையும் மாற்றுவதற்காகப் புதிய சர்வருக்கு இடம்பெயர்ந்தவர்களுக்கு இது நேரும். சென்ட்ஓஎஸ் 7-க்கான ஆதரவு 2024 ஜூன் 30 அன்று முடிந்ததையொட்டிப் பலர் அப்படி இடம்பெயர வேண்டியிருந்தது.

பதிலின் வகையே பழுதின் இடத்தைச் சொல்லும்

பொறுப்பு உங்கள் சர்வரிடம்தான் என்று உறுதியானதும், வேறு ரிசால்வர்களை இடையில் விடாமல் சர்வரிடம் நேரடியாகக் கேட்க வேண்டும். டிக் கட்டளையில் @ குறியிட்டு சர்வரின் பொது ஐபியைக் கொடுத்து, டொமைன் பெயரையும், ஸோனின் வரிசை எண் போன்ற அடிப்படை விவரம் தரும் எஸ்ஓஏ என்ற பதிவு வகையையும் குறிப்பிடுங்கள். இந்தக் கேள்வியை அந்த சர்வருக்குள் இருந்து கேட்காமல் வெளியே வேறொரு கணினியிலிருந்து கேட்பது முக்கியம். உள்ளிருந்து கேட்டால் ஃபயர்வால் குறுக்கே வராது. தவிர, சர்வரில் ரிகர்ஷன் (பிற சர்வர்களிடம் கேட்டுப் பதில் தரும் வசதி) திறந்திருந்தால், தன்னிடம் ஸோனே இல்லாதபோதும் அது இரண்டாம் நேம்சர்வரிடம் கேட்டு வாங்கி அழகாகப் பதில் சொல்லிவிடும்; பார்ப்பவர் எல்லாம் சரியாக இருப்பதாக நம்பிவிடுவார். இதைத் தவிர்க்க, நோரிகர்ஸ் விருப்பத்தைச் சேர்த்துக் கேட்டு, பதிலின் தலைப்பகுதியில் ஏஏ என்ற கொடி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்தக் கொடி இருந்தால்தான் பதில் அந்த சர்வரின் சொந்தப் பதில்.

பதிலின் தலைப்பகுதியில் ஸ்டேட்டஸ் என்ற இடத்தில் வரும் சொல்லை அவசரப்படாமல் படியுங்கள். ரெஃப்யூஸ்ட் என்று வந்தால், டிஎன்எஸ் சேவை உயிரோடு இருக்கிறது, ஆனால் அந்த டொமைன் தன் பட்டியலில் இருப்பதாகவே அதற்குத் தெரியவில்லை என்று பொருள். நேம்ட் கான்ஃப் கோப்பில் அந்த ஸோனுக்கான பகுதி காணாமல் போயிருக்கும். சர்வ்ஃபெயில் என்று வந்தால், ஸோன் பட்டியலில் இருக்கிறது, ஆனால் அதன் கோப்பை ஏற்ற முடியவில்லை. என்எக்ஸ்டொமைன் வந்தால் ஸோன் ஏறியிருக்கிறது, கேட்ட பெயர் மட்டும் அதில் இல்லை. நோஎரர் என்று சொல்லிவிட்டுப் பதில் பகுதியைக் காலியாக விட்டால், பெயர் இருக்கிறது, கேட்ட வகைப் பதிவு இல்லை. டபிள்யுடபிள்யுடபிள்யு பெயருக்கு ஐபியைச் சொல்லும் ஏ பதிவு அழிந்து, உரை மட்டும் கொண்ட டிஎக்ஸ்டி பதிவு மட்டும் எஞ்சினால் இப்படி ஆகும். பதிலே வராமல் நேரம் கடந்துபோனால் முதல் சந்தேகம் ஃபயர்வால் மீது விழ வேண்டும். இணைப்பு மறுக்கப்பட்டது என்று உடனே திரும்பினால், 53-ஆம் போர்ட்டில் எந்தச் சேவையும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. இந்த ஆறில் எது என்று தெரியாமல் பேனலில் உள்ள பொத்தான்களை அழுத்திப் பார்ப்பதுதான் சிறு பழுதைப் பெரும் பழுதாக்கும் வழி.

ஃபயர்வால் பற்றி ஒரு சொல். டிஎன்எஸ் யுடிபி 53-இல் மட்டும் இயங்குகிறது என்ற நம்பிக்கை இன்னும் பலரிடம் உண்டு. பெரிய பதில்களும் நேம்சர்வர்களுக்கிடையிலான ஸோன் பரிமாற்றமும் டிசிபி 53 வழியாகவே நடக்கின்றன. மேம்படுத்தலின்போது ஃபயர்வால் விதிகள் புதிதாக எழுதப்பட்டு யுடிபி மட்டும் திறக்கப்பட்டிருந்தால், இணையதளம் திறக்கும், ஆனால் டிஎன்எஸ்செக் கையொப்பங்களோடு வரும் நீண்ட பதில்கள் சில இடங்களில் கிடைக்காது. டிக் கட்டளையை டிசிபி விருப்பத்துடன் மறுமுறை இயக்கினால் இது தெரிந்துவிடும்.

சேவையே எழாமல் போனால்

பைண்ட் சேவையைப் பொறுத்தவரை ஒரு வேறுபாட்டை மனத்தில் இருத்துவது நல்லது. ஒரு ஸோன் கோப்பில் பிழை இருந்தால் அந்த டொமைன் மட்டும் படுக்கும். நேம்ட் கான்ஃப் கோப்பில் ஒரே ஓர் அரைப்புள்ளி விடுபட்டாலும் சேவை மொத்தமும் எழாது. ஆனால், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் சேவையிடம் ரீலோட் செய்யச் சொன்னால், பிழையுள்ள கோப்பை அது ஏற்க மறுத்துவிட்டுப் பழைய அமைப்பிலேயே தொடர்ந்து ஓடும். ஓடும் சேவையை ரீஸ்டார்ட் செய்வது கடைசி வழியாக இருக்கட்டும். அதற்கு முன் நேம்ட் செக்கான்ஃப் கட்டளையை இயக்கி, அது எந்தப் பிழையும் காட்டாமல் முடிவதை உறுதிசெய்துகொள்ளுங்கள். எந்தக் கோப்பில் எத்தனையாவது வரியில் பிழை என்பதையும் அதுவே சொல்லும்.

பேனல் மேம்படுத்தலோடு பைண்டின் பதிப்பும் உயர்ந்திருந்தால், பழைய பதிப்பு ஏற்றுக்கொண்ட சில அமைப்புகளைப் புதியது அறியாத சொல்லாகக் கருதி நின்றுவிடும். எடுத்துக்காட்டாக, ஆட்டோ டிஎன்எஸ்செக் என்ற அமைப்பு பைண்ட் 9.20-இல் முற்றிலும் நீக்கப்பட்டுள்ளது. அதற்குப் பதில் டிஎன்எஸ்செக் பாலிசி என்பதைப் பயன்படுத்த வேண்டும். நிர்வாகி கையால் எழுதிச் சேர்த்த வரிகளில்தான் இத்தகைய சிக்கல் அதிகம், ஏனெனில் பேனல் தானே எழுதும் வரிகளை மட்டுமே அதன் புதிய பதிப்பு திருத்திக்கொள்ளும். கையால் சேர்த்த வரிகள் அடியோடு காணாமல் போயிருந்தால், அதே அடைவில் ஆர்பிஎம்சேவ் அல்லது டிபிகேஜி ஓல்ட் என்ற பின்னொட்டுடன் பழைய கோப்பு கிடக்கிறதா என்று தேடிப் பாருங்கள். ரெட்ஹாட், டெபியன் குடும்பங்களின் பொதி மேலாளர்கள் பழையதை அப்படித்தான் ஒதுக்கி வைக்கின்றன.

லாகில் "முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது" என்ற பொருளில் பிழை வந்தால், 53-ஆம் போர்ட்டை வேறொன்று பிடித்துக்கொண்டிருக்கிறது. எஸ்எஸ் கட்டளை அது எந்தச் செயலி என்று காட்டும். வழக்கமாகச் சிக்கும் குற்றவாளிகள் இருவர். பேனல் பைண்டிலிருந்து பவர்டிஎன்எஸ் என்ற வேறு டிஎன்எஸ் மென்பொருளுக்கு மாறியிருக்க, பழைய பைண்ட் இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம். அதை நிறுத்தி, மறுதொடக்கத்தில் எழாதபடி முடக்கினால் போதும். இரண்டாவது, 127.0.0.53 என்ற முகவரியில் கேட்டுக்கொண்டிருக்கும் சிஸ்டம்டி ரிசால்வ்ட் என்ற லினக்ஸின் உள்ளூர் ரிசால்வர். எல்லா முகவரிகளையும் ஒரே பிடியாகப் பிடிக்க முயலும் சேவைக்கு இது இடைஞ்சலாகிறது. ரிசால்வ்ட் கான்ஃப் கோப்பில் டிஎன்எஸ் ஸ்டப் லிசனர் அமைப்பை 'நோ' என்று மாற்றிவிட்டு அந்தச் சேவையை மறுதொடக்கம் செய்ய வேண்டும். அதோடு விட்டுவிட்டால் அடுத்த சிக்கல் தொடங்கும்: ரிசால்வ் கான்ஃப் கோப்பு இன்னும் 127.0.0.53-ஐயே சுட்டிக்கொண்டிருக்கும், சர்வரால் வெளியே எந்தப் பெயரையும் கண்டறிய முடியாது, பேனலின் உரிமச் சரிபார்ப்பும் மேம்படுத்தல் பதிவிறக்கமும் தோல்வியடையும். அந்தக் கோப்பு இயங்கும் ரிசால்வரைச் சுட்டும்படி மாற்ற வேண்டும்.

ஸோன் கோப்புக்குள்

சர்வ்ஃபெயில் வந்த டொமைனின் கோப்பை நேம்ட் செக்ஸோன் கட்டளையால் சோதியுங்கள். எழுத்துப் பிழை, டொமைனின் முதற்பெயரிலேயே வைக்கப்பட்ட சிநேம் பதிவு (ஒரு பெயரை வேறொரு பெயருக்குத் திருப்புவது), 255 பைட்டுக்கு மேல் ஒரே மேற்கோளுக்குள் எழுதப்பட்ட டிஎக்ஸ்டி பதிவு ஆகியவற்றை அது பிடித்துவிடும். 2048 பிட் டிகிம் (மின்னஞ்சல் கையொப்ப) சாவி இந்த 255 வரம்பைத் தாண்டுவதால் இரண்டு மேற்கோள் துண்டுகளாகப் பிரித்தே எழுதப்பட வேண்டும். ஏற்றுமதி, இறக்குமதி செய்யும் கருவிகள் இதை அவ்வப்போது ஒட்டிவைத்துவிடுகின்றன.

செக்ஸோன் நிறைவாகக் கண்டுகொள்ளாத ஒரு பிழை உண்டு. முழுப் பெயரின் முடிவில் புள்ளி வைக்காவிட்டால், ஸோனின் பெயரும் அதன் பின்னால் ஒட்டிக்கொள்ளும். சிநேம் பதிவின் இலக்கை மெயில்.எக்ஸாம்பிள்.காம் என்று புள்ளியில்லாமல் முடித்தால், வெளியே அது மெயில்.எக்ஸாம்பிள்.காம்.எக்ஸாம்பிள்.காம் என்றாகிவிடும். கோப்பைப் பார்த்தால் கண்ணுக்கு உறுத்தாது. டிக் பதிலைப் பார்த்தால்தான் பளிச்சென்று தெரியும்.

கோப்பில் பிழையே இல்லாமல் அனுமதி மறுக்கப்பட்டது என்று லாக் சொன்னால், உரிமையாளரைப் பாருங்கள். ரெட்ஹாட் குடும்பத்தில் சேவை 'நேம்ட்' என்ற பயனராகவும், டெபியனிலும் உபுண்டுவிலும் 'பைண்ட்' என்ற பயனராகவும் ஓடுகிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கோப்புகளை நகர்த்தியிருந்தால் உரிமை தவறியிருக்கும். உரிமையும் சரி என்றால், லினக்ஸின் பாதுகாப்பு அமைப்பான செலினக்ஸ் கோப்புக்கு இட்ட அடையாளம் கெட்டிருக்கலாம், அதற்கு ரெஸ்டோர்கான் கட்டளை இருக்கிறது. உபுண்டுவில் ஆப்ஆர்மர் என்ற அதேபோன்ற பாதுகாப்பு அமைப்பின் விதிகள், தாம் அறிந்த அடைவுகளுக்கு வெளியே உள்ள கோப்பைத் தொடவிடாது.

ரெஃப்யூஸ்ட் வந்த டொமைன்களுக்கு ஸோன் பகுதிகளைக் கையால் எழுதிச் சேர்க்கும் ஆசை வரும். முதலில் உங்கள் பேனல் எதை மூலமாகக் கொள்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். பிளெஸ்க் தன் தரவுத்தளத்திலிருந்து ஸோன் கோப்புகளை எழுதுகிறது, எனவே கோப்பில் நீங்கள் செய்யும் திருத்தம் அடுத்த முறை அழிந்துபோகும். பிளெஸ்க் ரிப்பேர் டிஎன்எஸ் கட்டளையை முதலில் மாற்றம் எதுவும் செய்யாத விருப்பத்துடன் ஓட்டி, அது சொல்லும் குறைகளைப் படித்துவிட்டு, பிறகு சரிசெய்யச் சொல்லலாம். சீபேனலில் ஸோன் கோப்புகளே மூலம். அவை இருக்கும் வரை ரீபில்ட் டிஎன்எஸ் கான்ஃபிக் என்ற ஸ்கிரிப்ட் நேம்ட் கான்ஃப் கோப்பை மறுபடி உருவாக்கித் தந்துவிடும்.

பாதி பேருக்கு மட்டும் பழைய பதில் கிடைப்பது ஏன்?

முதல் நேம்சர்வர் சரியாகிவிட்டது, ஆனாலும் சிலருக்குத் தளம் பழைய ஐபிக்கே போகிறது என்றால், இரண்டாம் நேம்சர்வரைப் பார்க்க வேண்டிய நேரம் அது. இரண்டிடமும் தனித்தனியே எஸ்ஓஏ பதிவைக் கேட்டு, அதிலுள்ள வரிசை எண்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

மேம்படுத்தலுக்கு முன் வரிசை எண் தேதி வடிவில் இருந்தது என்று கொள்வோம். இரண்டாம் நேம்சர்வரிடம் 2025031402 இருக்கிறது. புதிய பேனல் யூனிக்ஸ் நேரத்தை (1970 தொடக்கத்திலிருந்து கடந்த விநாடிகளை) வரிசை எண்ணாக எழுதத் தொடங்கி, முதல் நேம்சர்வரில் 1741950000 என்று போட்டுவிட்டது. பேனலின் பார்வையில் இது புதியது. இரண்டாம் நேம்சர்வரோ, தன்னிடம் இருப்பது பெரிய எண், ஆகவே தன்னுடையதே புதியது என்று முடிவுசெய்து, பரிமாற்றத்தைக் கேட்காமலே இருந்துவிடும்.   பழைய விவரம் நீண்ட நாள் அப்படியே கிடக்கலாம்.

தீர்வு எளிது. பேனலில் வரிசை எண் வடிவத்தைத் தேதி முறைக்கு மாற்றி, இரண்டாம் நேம்சர்வரில் உள்ளதைவிடப் பெரிய எண்ணைக் கொடுத்து ரீலோட் செய்யுங்கள். யூனிக்ஸ் நேர வடிவத்தையே வைத்துக்கொள்ள விரும்பினால், இரண்டாம் நேம்சர்வரில் ஆர்என்டிசி ரீட்ரான்ஸ்ஃபர் கட்டளையை ஒவ்வொரு ஸோனுக்கும் இயக்குங்கள். அது வரிசை எண்ணைப் பொருட்படுத்தாமல் ஸோனை முழுதாக வாங்கிக்கொள்ளும். பரிமாற்றமே மறுக்கப்பட்டால், முதல் நேம்சர்வரின் அலவ் டிரான்ஸ்ஃபர் பட்டியலில் இரண்டாம் நேம்சர்வரின் ஐபி இருக்கிறதா என்று பாருங்கள்.

நேரடியாகக் கேட்டால் சரி, ரிசால்வர் வழியாகக் கேட்டால் சர்வ்ஃபெயில்

இந்த அறிகுறி டிஎன்எஸ்செக் பழுதுக்கே உரியது. உங்கள் சர்வர் சரியான ஐபியைச் சொல்கிறது, 8.8.8.8, 1.1.1.1 போன்ற சரிபார்க்கும் ரிசால்வர்கள் சர்வ்ஃபெயில் என்கின்றன. சரிபார்க்காத ரிசால்வரைப் பயன்படுத்துபவருக்குத் தளம் திறக்கிறது. அதே ரிசால்வரிடம் சரிபார்ப்பை நிறுத்தும் சிடி விருப்பத்துடன் கேட்டுப் பாருங்கள். பதில் வந்துவிட்டால் சந்தேகத்துக்கு இடமில்லை. மேல்நிலை ஸோனில் உள்ள டிஎஸ் பதிவு (டொமைனின் டிஎன்எஸ்செக் சாவியை அடையாளம் காட்டும் பதிவு) ஒரு சாவியைச் சுட்டுகிறது, மேம்படுத்தலுக்குப் பின் பேனல் வேறொரு சாவியால் கையொப்பமிடுகிறது, அல்லது கையொப்பமிடுவதையே நிறுத்திவிட்டது.

பழைய சாவிக் கோப்புகள் நகலில் இருந்தால் அவற்றைத் திரும்ப வைத்துக் கையொப்பமிடுவதே சிறந்த வழி, ஏனெனில் மேல்நிலையில் எதையும் தொட வேண்டியதில்லை. சாவிகள் போய்விட்டிருந்தால், பதிவாளரின் தளத்தில் டிஎஸ் பதிவை நீக்க வேண்டும். டாட் காம் டொமைன்களில் டிஎஸ் பதிவின் டிடிஎல் 86400 விநாடி என்பதால், ஒரு நாள்வரை சிலருக்குப் பாதிப்பு நீடிக்கும். இங்கே மட்டும் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. அந்த ஒரு நாள் கழிந்த பின், புதிய சாவியால் கையொப்பமிட்ட ஸோன் எல்லா நேம்சர்வர்களிலும் ஏறியிருப்பதைப் பார்த்துவிட்டுப் புதிய டிஎஸ் பதிவைச் சேர்க்கலாம்.

மின்னஞ்சலும் பிறவும்

தளம் திறந்துவிட்டாலும் மின்னஞ்சலைத் தனியே சோதிக்க வேண்டும். மின்னஞ்சல் வெளிச் சேவையில் இருக்கும் டொமைன்களுக்குப் பேனல் தன் இயல்பு எம்எக்ஸ் பதிவை (மின்னஞ்சல் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்பதைச் சொல்லும் பதிவை) எழுதிவிடக்கூடும். பதிவு சரியாக இருந்தும், மின்னஞ்சல் வழி உள்ளூர் என்று மாறியிருந்தால், சர்வரிலிருந்து புறப்படும் கடிதங்கள் வெளியே போகாமல் உள்ளேயே தங்கிவிடும். டொமைன் பெயரில் கடிதம் அனுப்ப எந்த சர்வர்களுக்கு உரிமை என்று சொல்லும் எஸ்பிஎஃப் பதிவு ஒரு டொமைனுக்கு ஒன்றே இருக்க வேண்டும். பேனல் இரண்டாவது ஒன்றைச் சேர்த்திருந்தால், பெறும் சர்வர்கள் இரண்டையும் ஏற்காமல் நிரந்தரப் பிழையாகக் கொள்ளும். பேனல் புதிய டிகிம் சாவியை உருவாக்கி, டிஎன்எஸ் வெளியே இருந்தால், அங்கே உள்ள பழைய பொதுச் சாவியை நீங்களே மாற்ற வேண்டும்.

புதிதாக முளைத்த ஏஏஏஏ (ஐபிவி6 முகவரி) பதிவுகளையும் கவனியுங்கள். சர்வரில் ஐபிவி6 முறையாக அமையாத நிலையில் இவை இருந்தால், உலாவி ஐபிவி4-க்குத் தாவிச் சமாளித்துக்கொள்வதால் பார்ப்பவருக்குக் குறை தெரியாது. லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழ்ச் சரிபார்ப்போ ஏஏஏஏ இருந்தால் ஐபிவி6-ஐயே முதலில் நாடும். அது தோற்றால், சான்றிதழ் புதுப்பிக்கப்படாமல் காலாவதியாகும்போதுதான் விஷயம் வெளியே வரும். அதற்குள் மேம்படுத்தலை எல்லோரும் மறந்திருப்பார்கள்.

ரிகர்ஷன் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். நேம்ட் கான்ஃப் கோப்பு புதிதாக எழுதப்பட்டபோது உங்கள் பழைய கட்டுப்பாடு போயிருந்தால், மற்றவர்களைத் தாக்குவதற்கு உங்கள் சர்வரைப் பயன்படுத்திக்கொள்வார்கள். வெளியிலிருந்து, உங்களிடம் இல்லாத ஏதேனும் ஒரு டொமைனைக் கேட்டுப் பாருங்கள். ரெஃப்யூஸ்ட் என்று வர வேண்டும்.

எல்லாம் சரியான பின்னும் உங்கள் கணினியில் மட்டும் தளம் திறக்காவிட்டால், ஹோஸ்ட்ஸ் கோப்பில் சோதனைக்காக எழுதிய பழைய வரி எஞ்சியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, விண்டோஸ் என்றால் ஐபிகான்ஃபிக் கட்டளையை ஃப்ளஷ்டிஎன்எஸ் விருப்பத்துடனும், சிஸ்டம்டி உள்ள லினக்ஸ் என்றால் ரிசால்வ்சிடிஎல் வழியாகவும் கேஷை அழியுங்கள். கூகுளும் கிளவுட்ஃப்ளேரும் தங்கள் பொது ரிசால்வர்களில் குறிப்பிட்ட ஒரு பெயரின் கேஷை அழிக்கத் தனிப் பக்கம் வைத்திருக்கின்றன. மற்ற ரிசால்வர்களில் பழைய பதில் அதன் டிடிஎல் முடியும்வரை நிற்கும். பழுதான நேரத்தில் என்எக்ஸ்டொமைன் பதிலை வாங்கிச் சென்ற ரிசால்வர்கள், 'அப்படி ஒரு பெயர் இல்லை' என்ற அந்தப் பதிலையும் கேஷில் வைத்திருக்கும்; எஸ்ஓஏ பதிவின் கடைசி எண்ணும் அப்பதிவின் டிடிஎல்-லும் எவ்வளவு என்று பார்த்தால், இரண்டில் சிறியது எதுவோ அத்தனை விநாடியில் அது நீங்கிவிடும்.